வண்டியோடு செல்லும் காற்று

ஆஸ்திரேலியாவின் நடுப்பகுதியில் சிம்ப்ஸன் பாலைவனம் என்றொரு பெரிய மணற்பரப்பு உண்டு. ஏறத்தாழ இணையாக நீண்டு கிடக்கும் மணல் மேடுகள் அங்கே சுமார் 1,100 உள்ளன என்பர். கிழக்கோரத்தில் உள்ள பேர்ட்ஸ்வில் என்னும் சிற்றூரிலிருந்து மேற்கு நோக்கிப் புறப்படுவோர் இம்மேடுகளை ஒன்றன்பின் ஒன்றாக ஏறி இறங்க வேண்டும். இடையில் எரிபொருளும் கிடைக்காது. பஞ்சர் ஒட்டுவாரும் இல்லை. கோடை வெப்பத்தை முன்னிட்டு, ஆண்டுதோறும் டிசம்பர் 1 முதல் மார்ச் 15 வரை அங்குள்ள பாலைவனப் பூங்காவை மூடிவிடுகின்றனர்.

இத்தகைய வழிகளில் செல்லும் ஜீப் முதலிய வண்டிகள் பலவற்றில், வண்டியோடு நிலையாகப் பொருத்திய காற்றமுக்கி ஒன்றைக் காணலாம். நாம் வழக்கில் கம்ப்ரஸர் என்று சொல்லும் கருவியே அது. அது எதற்கு, அதனை எவ்வாறு பொருத்துவது, எங்கே பிழை நேரும் என்பவற்றை ஈண்டு விளக்குவோம். மலைத்தோட்டப் பாதைகளில் ஜீப் ஓட்டும் நம் அன்பர்களுக்கும் இச்செய்தி பயன்படும்.

காற்றைக் குறைப்பது ஏன்?

தார்ச்சாலையில் டயர் விறைப்பாக இருத்தல் நன்று. மணலிலோ அவ்விறைப்பே பகையாகிறது. விறைத்த டயர் மணலைக் கத்திபோல் வெட்டிக்கொண்டு புதைகிறது. காற்றைச் சிறிது வெளியேற்றினால் டயர் நீளவாட்டில் படிந்து, வண்டியின் பாரத்தை அதிக இடத்தில் பரப்புகிறது. வண்டி மணலின் மேலேயே செல்கிறது. சாலையில் சதுர அங்குலத்திற்கு 36 பவுண்டு வைத்திருப்போர் மணலில் 16 முதல் 20 பவுண்டு வரை குறைப்பதுண்டு.

இவ்வுண்மையை இராணுவத்தார் நெடுநாள் முன்பே உணர்ந்தனர். இரண்டாம் உலகப் போரின்போது அமெரிக்கர் பயன்படுத்திய டி.யு.கே.டபிள்யூ. என்னும் நீர்நில வண்டியில், ஓட்டுநர் தம் இருக்கையில் இருந்தபடியே டயர்க் காற்றைக் கூட்டவும் குறைக்கவும் வசதி செய்யப்பட்டிருந்தது. கடலிலிருந்து மணற்கரை ஏறி, அங்கிருந்து சாலைக்குச் செல்ல வேண்டிய வண்டிக்கு அது இன்றியமையாததாயிற்று.

காற்றைக் குறைப்பது எளிது. ஒரு குச்சி போதும். ஆனால் குறைத்த காற்றுடனேயே கெட்டியான சாலையில் விரைந்து ஓட்டினால், டயரின் பக்கச்சுவர் ஒவ்வொரு சுழற்சியிலும் மடிந்து நிமிர்ந்து சூடேறி, இறுதியில் வெடிக்கும். கூர்மையாகத் திருப்பினால் டயர் வளையத்தை விட்டு நழுவுவதும் உண்டு. ஆகவே, மீண்டும் நிரப்பும் வழி கையில் இல்லாதவர் காற்றைக் குறைக்கத் துணிதல் ஆகாது.

எத்துணைக் காற்று வேண்டும்?

ஒரு டயரின் கொள்ளளவு 70 லிட்டர் என்று வைத்துக்கொள்வோம். அதனை 16 பவுண்டிலிருந்து 36 பவுண்டுக்கு உயர்த்த, வெளிக்காற்று சுமார் 95 லிட்டரை உள்ளே செலுத்த வேண்டும். நான்கு டயர்களுக்கு 380 லிட்டர். நிமிடத்திற்கு 50 லிட்டர் தரும் கருவி இதனை எட்டு நிமிடத்திற்குள் முடிக்கும். 25 லிட்டர் தருவது பதினைந்து நிமிடத்திற்கு மேல் உழைக்க வேண்டும். விளம்பரத்தில் காணும் அளவு பெரும்பாலும் எதிரழுத்தம் இல்லாதபோது அளந்தது. டயரின் அழுத்தத்தை எதிர்த்து எவ்வளவு தரும் என்பதைக் கேட்டு வாங்குக. இடைவிடாது எவ்வளவு நேரம் ஓடலாம், எவ்வளவு நேரம் ஓய்வு தர வேண்டும் என்பதையும் கேட்டறிக.

இருவகைக் கருவிகள்

ஒருவகை, எஞ்சினின் பெல்ட்டால் சுழல்வது. பழைய கார்களின் குளிர்சாதனக் கம்ப்ரஸரைச் சிலர் இதற்கு மாற்றியமைப்பர். காற்று மிகுதியாகக் கிடைக்கும். ஆயினும் ஒன்றைக் கவனிக்க வேண்டும். பழைய யார்க் வகைக் கம்ப்ரஸருக்கு எண்ணெய்த் தேக்கம் தன்னுள்ளேயே உண்டு. பிற்காலத்தன பலவும் குளிர்வாயுவோடு சுற்றிவரும் எண்ணெயையே நம்பியவை. வெறுங்காற்றை அமுக்கச் செய்தால், தனியே எண்ணெய் ஊட்டாதவிடத்து, அவை விரைவில் இறுகிவிடும்.

மற்றொரு வகை, 12 வோல்ட் பாட்டரியால் இயங்குவது. பொருத்துவது எளிதாதலின் பெரும்பாலோர் இதனையே விரும்புகின்றனர். இனி இதனைப் பற்றியே கூறுவோம்.

இடம்

புகைக்குழாயின் வெப்பம் தாக்காத இடமாகவும், ஓடையைக் கடக்கும்போது நீர் எட்டாத உயரமாகவும், காற்றோட்டம் உள்ளதாகவும் தேர்ந்தெடுக்க வேண்டும். துளையிடுமுன் பாட்டரியின் எதிர்முனைக் கம்பியைக் கழற்றுக. தகட்டின் பின்புறம் பிரேக் குழாயோ எரிபொருள் குழாயோ செல்கிறதா என்று கண்ணால் பார்த்துக்கொள்க. கருவி அதிரும் இயல்பினது. ஆதலின் மெல்லிய தகட்டில் திருகாமல் கனத்த தாங்கியில் பொருத்தி, தளராத நட்டுகளைப் போடுக.

கம்பியும் ப்யூஸும்

பாவில் ஓரிழை நைந்திருந்தாலும் தறி நின்றுவிடும் என்பதை நெசவாளர் அறிவர். இங்கே நையும் இழை மின்கம்பியே. கருவி 30 ஆம்பியர் இழுக்கிறது என்றும், போக வர 5 மீட்டர் கம்பி என்றும் கொள்வோம். 1.5 சதுர மில்லிமீட்டர் தாமிரக் கம்பி போட்டால் வழியிலேயே சுமார் 1¾ வோல்ட் குறைந்துவிடும். அதாவது 50 வாட்டுக்கு மேற்பட்ட சக்தி கம்பியைச் சூடாக்குவதில் வீணாகும். 6 சதுர மில்லிமீட்டர் கம்பியானால் இழப்பு அரை வோல்ட்டுக்குள் அடங்கும். விலையில் சிறிதே வேறுபாடு. வண்டி எரிவதும் எரியாதிருப்பதும் இதனைப் பொறுத்தது.

ப்யூஸ் கருவியின் அருகில் அன்று, பாட்டரியின் நேர்முனைக்கு ஒரு சாண் தூரத்திற்குள் இருத்தல் வேண்டும். ப்யூஸ் காப்பது முதலாவதாகக் கம்பியையே. கம்பி எங்கேனும் உரசி, வண்டியின் இரும்பைத் தொட்டால், ப்யூஸுக்கு முன்னுள்ள பகுதிக்குக் காப்பே கிடையாது. ஆகவே அப்பகுதி எவ்வளவு குறுகியதோ அவ்வளவு நன்று. கம்பி தகட்டைத் துளைத்துச் செல்லுமிடங்களில் ரப்பர் வளையம் இடுக. முழு மின்னோட்டத்தையும் ஸ்விட்ச் வழியே செலுத்தாமல், ரிலே ஒன்றை வைத்து, சிறு மின்னோட்டத்தால் அதனை இயக்குக.

குழாயும் தொட்டியும்

அமுக்கப்பட்ட காற்று கருவியிலிருந்து மிகுந்த சூட்டோடு வெளிவரும். எனவே முதல் பகுதிக்கு, வெப்பம் தாங்கும், உலோகப் பின்னல் போர்த்திய குழாயே ஏற்றது. சாதாரணப் பிளாஸ்டிக் குழாய் இளகிப் பிரிந்துவிடும்.

டயர் நிரப்புவதற்கு மட்டுமெனில் தொட்டி கட்டாயமன்று. தொட்டி வைப்பவர், அழுத்தம் உயர்ந்ததும் மின்சாரத்தைத் துண்டிக்கும் ஸ்விட்ச், காற்று திரும்பாமல் தடுக்கும் வால்வு, அந்த ஸ்விட்ச் பழுதானாலும் மிகுதியை வெளிவிடும் பாதுகாப்பு வால்வு ஆகிய மூன்றையும் பொருத்தியாக வேண்டும். காற்றழுத்தத்திற்கென்றே செய்த தொட்டியையே வாங்குக. பி.வி.சி. குழாயைத் தொட்டியாக்குவோர் உளர். அது உடையும்போது கிழியாமல் சில்லுகளாகச் சிதறும். தொட்டியின் அடியில் தேங்கும் நீரை அவ்வப்போது திறந்துவிடாவிட்டால், துரு உள்ளிருந்தே தகட்டை அரித்துவிடும்.

சோதனை

வேலை முடிந்ததும் இணைப்புகள்தோறும் சோப்பு நீர் தடவுக. குமிழி எழுமிடத்தில் கசிவு உண்டு. எஞ்சினைத் திறந்தவெளியில் ஓடவிட்டு, கைப்பிரேக் போட்டு, கருவியைச் சில நிமிடம் இயக்குக. கம்பியையும் அதன் முனைகளையும் தொட்டுப் பாருங்கள். கை பொறுக்காத சூடு காணின் அங்கே கம்பி மெலிந்ததாகவோ இணைப்பு தளர்ந்ததாகவோ இருக்கும். பாட்டரி முனையிலும் கருவியின் முனையிலும் வோல்ட்டை அளந்து ஒப்பிட்டால் ஐயம் தீரும்.

இச்சோதனையை வீட்டு வாசலிலேயே செய்துவிட வேண்டும். இங்கே தெரியவரும் பழுதுக்கு ஓர் அரைமணி நேர வேலையே தேவைப்படும். அதே பழுது, நான்கு டயர்களிலும் காற்றைக் குறைத்தபின், ஆளில்லாத மணல் நடுவே தெரியவருமானால், நீரும் நிழலும் தீருமுன் ஊர் சேர்வது அரிதாகிவிடும். எத்துணை நல்ல கருவியாயினும், கையால் இயக்கும் காற்றுப் பம்பு ஒன்றையும் அழுத்தமானி ஒன்றையும் இருக்கைக்கு அடியில் வைத்துக்கொள்வது அறிவுடையோர் செயலாகும்.