பழைய ஸ்டியரிங்கும் தங்கவயல் கைகளும்

பழைய கார் வைத்திருப்போருக்கு இஞ்சினைப் பற்றிச் சொல்லித்தர ஆள் உண்டு. பெயின்ட் பூசவும் இருக்கைத் துணி தைக்கவும் ஆள் உண்டு. ஸ்டியரிங் என்றதும் பலர் ஒதுங்கிக்கொள்கின்றனர். அதற்குக் காரணமும் இருக்கிறது. இஞ்சின் நின்றுபோனால் கார் சாலையோரமாக நிற்கும். ஸ்டியரிங் கைவிட்டால் அது எங்கே போய் நிற்கும் என்று எவராலும் சொல்ல முடியாது. ஆகவே, இந்த ஒன்றில் மட்டும் அரைகுறை அறிவை நம்பக்கூடாது. முழு அறிவு எங்கே கிடைக்கும் என்று தேடப் புகுந்தபோது, நம் எண்ணம் கோலார் தங்கவயலை நோக்கித் திரும்பியது.

1880-இல் ஜான் டெய்லர் அண்ட் சன்ஸ் நிறுவனம் அங்கே கால் வைத்தது. 1902-இல் சிவசமுத்திரம் அருவியின் மின்சாரம் அந்த வயலை வந்தடைந்தது. பங்களாக்களும் கிளப்பும் கோல்ஃப் மைதானமுமாக வெள்ளை அதிகாரிகள் வாழ்ந்த பகுதியைக் கண்டவர்கள் 'குட்டி இங்கிலாந்து' என்றனர். பூமிக்கு அடியிலும் பணிமனையிலும் உழைத்தவர்களில் மிகப் பெரும் பகுதியினர் வட ஆற்காடு, சேலம் முதலிய மாவட்டங்களிலிருந்து சென்ற தமிழர்கள். சாம்பியன் ரீஃப் சுரங்கம் மூன்று கிலோமீட்டருக்கும் மேலான ஆழம் கண்டது. அத்தனை ஆழத்துக்கும் மனிதர்களை இறக்கி ஏற்றிய கூண்டு, இரும்புக் கயிற்றை நம்பியே தொங்கியது. அந்தக் கயிற்றையும் கொக்கியையும் சக்கரத்தையும் தேய்மானம் பார்த்து, விரிசல் பார்த்து, பழுதானதைத் தயங்காமல் ஒதுக்கியவர்கள் அவ்வூர் ஃபிட்டர்களும் கொல்லர்களும். 2001 பிப்ரவரி 28-ஆம் நாள் சுரங்கங்கள் மூடப்பட்டன. எனினும் 1964-இல் தோன்றிய பெமல் நிறுவனத்தின் தங்கவயல் தொழிற்சாலையில் புல்டோசர்கள் உருவாகிக்கொண்டிருக்கின்றன. வேறு பலர் நாள்தோறும் ரயிலேறிப் பெங்களூருப் பட்டறைகளுக்குச் சென்று திரும்புகின்றனர்.

இவர்கள் அனைவரும் பழைய கார் நிபுணர்கள் என்று நாம் கூறவில்லை. ஆனால் ஸ்டியரிங் பெட்டி கேட்பதும் இதே கண்ணைத்தான்: தேய்ந்தது எது, தேயாதது எது, இனி நம்பக்கூடாதது எது என்று பிரித்தறியும் கண்.

பெட்டியின் உள்ளே நடப்பது எளிது. ஸ்டியரிங் கோலின் அடிமுனையில் வொர்ம் எனப்படும் திருகுதண்டு. அது ஒரு நட்டையோ உருளையையோ ஆப்பையோ நகர்த்த, டிராப் ஆர்ம் அசைந்து, டை ராடுகள் வழியாகச் சக்கரங்கள் திரும்புகின்றன. கார் பெரும்பாலும் நேராகவே ஓடுவதால், திருகுதண்டின் நடுப்பகுதிதான் தேய்கிறது. இரு ஓரங்களும் புதிதுபோலவே இருக்கும். இதை அறியாத மெக்கானிக், நடுவில் உள்ள பிளேயைப் போக்க அட்ஜஸ்டிங் திருகை முடுக்கிவிடுவார். நேர்ச்சாலையில் வண்டி அருமையாக ஓடும். வளைவில் முழுதாகத் திருப்பும்போது தேயாத ஓரங்கள் இறுகிக்கொள்ள, ஸ்டியரிங் திரும்பி வராமல் பிடித்துக்கொள்ளும். புதுப் பெட்டியிலேயே நடுவில் சற்றே இறுக்கமும் ஓரங்களில் சற்றே தளர்வும் வைத்துத்தான் பல தயாரிப்பாளர்கள் அமைத்தார்கள். எனவே முன்சக்கரங்களைத் தரையிலிருந்து தூக்கி நிறுத்தி, ஓரத்திலிருந்து ஓரம்வரை கையால் திருப்பிப் பார்க்காமல் அந்தத் திருகைத் தொடுபவரை நம்பவேண்டாம். கிங்பின், டை ராடு முனைகள், பெட்டியைச் சேஸிஸில் பிணைக்கும் போல்ட்டுகள் ஆகியவற்றை முதலில் பார்ப்பவரே அறிந்தவர். பிளே அங்கேயும் ஒளிந்திருக்கும்.

எண்ணெய் கசிகிறதென்று பெட்டியில் கெட்டியான கிரீஸை அடைத்துவிடும் வழக்கமும் உண்டு. பல்லின் ஓட்டத்தில் கிரீஸ் ஓரமாக ஒதுங்கி அங்கேயே நின்றுவிடும். எண்ணெய்தான் மீண்டும் வழிந்து பல்லுக்கு வரும். கசிவை அடைக்க வேண்டியது சீலில்.

நிபுணரைத் தேடுமுன், பெட்டியின் பெயரைத் தேடுவது நலம். அந்நாளைய கார் நிறுவனங்கள் பல, ஸ்டியரிங்கைத் தாமே செய்யாமல் பர்மன், மார்லெஸ், பிஷப், ராஸ் போன்ற தனித் தயாரிப்புகளை வாங்கிப் பொருத்தின. மாரிஸ் எயிட்டிலும் எம்.ஜி. டி.சி.யிலும் இருப்பது பிஷப் கேம் வகை. பழைய வில்லிஸ் ஜீப்பில் ராஸ் வகை. காரின் பெயரைச் சொல்லித் தேடுபவருக்குக் கிடைக்காத விவரம், பெட்டியின் வார்ப்பில் உள்ள பெயரையும் எண்ணையும் சொல்லித் தேடுபவருக்குக் கிடைக்கும். போர்டு மாடல் டி-யில் பல்சக்கரங்கள் கோலின் உச்சியில், ஸ்டியரிங் வளையத்துக்கு நேர் கீழே அமர்ந்திருக்கும். அறியாதவர் அடியில் தேடிக்கொண்டிருப்பார்! அம்பாசிடரோ, தன் மூலமான மாரிஸ் ஆக்ஸ்ஃபோர்டைப் போலவே ரேக் வகையைச் சேர்ந்தது. அதில் முதலில் பார்க்கவேண்டியது இரு முனைகளிலும் உள்ள ரப்பர் உறைகள். அவை கிழிந்தால் எண்ணெய் வெளியேறிப் புழுதி உள்ளே புகும்.

பெங்களூரின் ஜே.சி. ரோடும் சென்னையின் புதுப்பேட்டையும் உதிரிபாகங்களுக்குப் பேர்போனவை. இரு நகரங்களிலும் பழைய கார் சங்கங்கள் உள்ளன. கோயம்புத்தூரில் ஜீடி கார் அருங்காட்சியகம் உள்ளது. பாகம் கிடைக்காவிட்டால் புதிதாகச் செய்வதே வழி. அப்போதுதான் தங்கவயல் போன்ற ஊர்களின் டர்னரும் டூல் ரூம் பழகிய மூத்தவரும் தேவைப்படுகின்றனர். அரத்தை மெல்ல ஓட்டிப் பார்த்து, அது வழுக்கினால் மேற்பரப்பு கடினமூட்டப்பட்டது என்று சொல்லிவிடுவார்கள். பாகத்தை மண்ணெண்ணெயில் ஊறவைத்துத் துடைத்துச் சுண்ணாம்பு பூசினால், விரிசல் இருக்குமிடத்தில் ஈரக்கோடு தானே எழும். பல்லில் நீலச்சாயம் தடவிச் சுற்றி, எங்கே உரசுகிறதென்று காண்பார்கள். இந்த மூன்றுக்கும் விலையுயர்ந்த கருவி வேண்டியதில்லை. வேண்டியது பழகிய கை. அந்தக் கைகளுக்கு வயதாகிக்கொண்டிருக்கிறது.

விரிசல் கண்ட டிராப் ஆர்மை வெல்டிங் வைத்துத் தருகிறேன் என்பவரிடம் கும்பிடு போட்டுவிட்டு வந்துவிடுங்கள். அடித்து உருவாக்கப்பட்ட எஃகு, வெல்டிங் சூட்டில் தன் பதத்தை இழக்கும். அது முறியப்போகும் நேரத்தை முன்கூட்டிச் சொல்லாது.

2021 ஜூலையில் திருத்தப்பட்ட மோட்டார் வாகன விதிகளின்படி, முதற்பதிவாகி 50 ஆண்டு கடந்த சொந்த உபயோக வாகனத்தை விண்டேஜ் வகையில் பதியலாம். புதுப் பதிவுக்கு 20,000 ரூபாய், மறுபதிவுக்கு 5,000 ரூபாய். சேஸிஸ், பாடி, இஞ்சின் ஆகியவற்றில் பெரிய மாற்றம் இருக்கக்கூடாது. அன்றாட ஓட்டத்துக்கும் இடமில்லை. தற்காலப் பவர் ஸ்டியரிங்கைப் பழைய வண்டியில் திணிப்பதை நாம் விரும்பவில்லை. பழுதுபார்த்த பழைய பெட்டியே காருக்கு அழகு, கைப்பணத்துக்கும் காவல்.

தொலைவிலிருந்து பாகம் வாங்குவோர், படத்தை மட்டும் பார்த்துப் பணம் அனுப்பவேண்டாம். தண்டின் விட்டம், ஸ்ப்ளைன் பற்களின் எண்ணிக்கை, வார்ப்பு எண் ஆகியவற்றை எழுத்தில் பெற்றபின் செலுத்துங்கள். டர்னரிடம் போகும்போது தேய்ந்த பாகத்தோடு அது பொருந்தும் இணைப் பாகத்தையும் சேர்த்தே கொண்டுசெல்லுங்கள். டிராப் ஆர்மைக் கழற்றுமுன் அது அமர்ந்திருந்த நிலையை உளிமுனையால் குறித்து வையுங்கள். திருகுதண்டின் புரி வலப்புரியா இடப்புரியா என்பதையும் எழுதிக்கொள்ளுங்கள். இடப்பக்க ஸ்டியரிங் வண்டிக்கான அயல்நாட்டுப் பாகம், நம் வலப்பக்க ஸ்டியரிங் வண்டியில் ஏறினாலும் ஏறிவிடும். ஆனால் வளையத்தை வலப்புறம் திருப்ப, சக்கரம் இடப்புறம் திரும்பும்.