உங்கள் வோட்டை வேறொருத்தி போட்டுவிட்டால்?

தேர்தல் தினம். காலைக் காப்பியை முடித்துக்கொண்டு, அடுப்பை அணைத்துவிட்டு, அடையாற்றில் உங்கள் வீட்டுக்குப் பக்கத்திலுள்ள பள்ளிக்கூடத்துக்குப் போகிறீர்கள். அரை மணி நேரம் வரிசையில் நின்ற பிறகு உங்கள் முறை வருகிறது. அதிகாரி ஜாபிதாவைப் பார்த்துவிட்டு, "அம்மா, உங்கள் வோட்டு அப்போதே போட்டாகிவிட்டதே!" என்கிறார். என்ன செய்வீர்கள்?

"எல்லாம் நம் தலையெழுத்து!" என்று திரும்பிவிடுவீர்களானால், தயவுசெய்து இதைக் கடைசிவரை படியுங்கள்.

அந்த வோட்டு சும்மா கிடைத்ததல்ல. 1917-ஆம் வருஷம் இதே அடையாற்றில்தான் இந்திய மாதர் சங்கம் பிறந்தது. அன்னி பெசன்ட் அம்மையார் அதன் தலைவி. அவ்வருஷம் டிசம்பரில் இந்தியா மந்திரி மான்டேகு சென்னைக்கு வந்தபோது, சரோஜினி தேவியின் தலைமையில் பெண்கள் தூது சென்று வோட்டுரிமை கேட்டார்கள். 1921-இல் சென்னைச் சட்டசபை அதற்கு இணங்கியது. ஆனால் அப்போது சொத்துள்ளவர்களுக்குத்தான் வோட்டு.

ஏழை பணக்காரர் எல்லாருக்கும் வோட்டு வந்தது 1951-52 பொதுத் தேர்தலில்தான். அப்போது ஒவ்வொரு அபேட்சகருக்கும் ஒரு தனிப் பெட்டி. பெட்டியின்மேல் அவருடைய சின்னம். சீட்டில் எந்தக் குறியும் போட வேண்டாம். விரும்பியவரின் பெட்டியில் போட்டால் போதும். எல்லாப் பெயர்களையும் ஒரே சீட்டில் அச்சிட்டு, முத்திரை குத்தச் சொன்னது 1962 பொதுத் தேர்தலில். இப்போது யந்திரம் வந்துவிட்டது.

ஆனால் ஒரு காகிதச் சீட்டு மட்டும் இன்னமும் சாவடியில் காத்திருக்கிறது. யாருக்காக என்கிறீர்களா? வோட்டைப் பறிகொடுத்த உங்களுக்காகத்தான்! 1961-ஆம் வருஷத்துத் தேர்தல் நடத்தை விதிகளில் 49-பி என்ற விதி அது. 'சர்க்கார்' படம் பார்த்தவர்களுக்கு ஞாபகம் இருக்கும்.

உங்கள் அடையாளச் சீட்டைக் காட்டி, சாவடித் தலைமை அதிகாரியிடம் முறையிடுங்கள். மையில்லாத உங்கள் விரலையும் காட்டுங்கள். அவர் கேட்கும் கேள்விகளுக்குத் திருப்தியாகப் பதில் சொன்னால், ஒரு ஜாபிதாவில் கையெழுத்து வாங்கிக்கொண்டு 'டெண்டர்' வோட்டுச் சீட்டு ஒன்றைத் தருவார். மறைவிடத்தில் முத்திரை குத்தி, மடித்துக் கொடுத்தால், தனி உறையில் போட்டு வைப்பார்.

ஒரு விஷயத்தை மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். வோட்டு எண்ணும் நாளில் அந்த உறையைப் பிரிக்க மாட்டார்கள். "பிறகு எதற்கு இந்தச் சிரமம்?" என்கிறீர்களா?

2008-இல் ராஜஸ்தானத்து நாத்துவாரா தொகுதியில் ஒருவருக்கு 62,216 வோட்டு. எதிர்த்து நின்ற சி. பி. ஜோஷிக்கு 62,215. ஒரே ஒரு வோட்டு வித்தியாசம்! விவகாரம் ஹைகோர்ட்டுக்குப் போயிற்று. வாதத்தில் இந்த டெண்டர் வோட்டுகளும் அடிபட்டன. 2011-இல் சுப்ரீம் கோர்ட்டு வரை அது சென்றது. வழக்கில் குறிப்பாக எடுத்துச் சொல்லாத வோட்டை ஆராய முடியாது என்று அங்கே தீர்ப்பாயிற்று. எங்கோ சாவடியில் யாரோ பிடிவாதமாகக் கேட்டு வாங்கிய சீட்டுகள், நாட்டின் உச்ச நீதிமன்றத்தில் பேசப்பட்டன, பார்த்தீர்களா?

முடிவு வெளியான 45 நாட்களுக்குள் ஹைகோர்ட்டில் தேர்தல் மனு கொடுக்கலாம். அபேட்சகர்தான் கொடுக்க வேண்டுமென்பதில்லை. அந்தத் தொகுதி வாக்காளரும் கொடுக்கலாம். அப்போது உறையிலுள்ள உங்கள் சீட்டு சாட்சியாக நிற்கும். பேசாமல் வீடு திரும்பியிருந்தால் சாட்சி ஏது?

முதல் தேர்தலுக்கு ஜாபிதா தயாரித்தபோது, வட இந்தியாவில் பல பெண்கள் தங்கள் பெயரைச் சொல்லக் கூசி, "இன்னாருடைய மனைவி", "இன்னாருடைய தாயார்" என்றே சொன்னார்கள். சுமார் 28 லட்சம் பெண்கள் அதனால் வோட்டை இழந்தார்கள்.

ஆகவே, சகோதரி, சாவடியில் கூச்சம் வேண்டாம். உங்கள் பெயரை உரக்கவே சொல்லுங்கள். உங்கள் சீட்டைக் கேட்டு வாங்குங்கள்!