பனிச்சறுக்கு: எவருக்கு எந்தச் சரிவு?

(இரண்டாம் ஆண்டு இளம் அறிவியல், இயற்பியல்)

மார்கழி விடியலில் பருத்தி இலையின் நுனியில் முத்துப் போல் நிற்பதையும் பனி என்கிறோம்; இமயத்தின் மேல் ஆள் உயரத்திற்குக் கொட்டிக் கிடப்பதையும் பனி என்றே சொல்கிறோம். பெரம்பலூர், அரியலூர்ப் பகுதியில் பிறந்த நமக்கு முன்னது பழக்கம். பின்னதைக் கண்ணால் கண்டவர் மிகச் சிலரே. சித்திரை வெயிலில், சுண்ணாம்புக்கல் லாரிகள் கிளப்பும் புழுதிக்கிடையே கல்லூரிக்கு வந்து சேரும் ஒருவன் பனிச்சறுக்கைப் பற்றி எழுத வருவதா என்று நண்பர்கள் நகைக்கக்கூடும். நகைக்கட்டும். படித்து முடித்தபின் தங்களுக்கும் இதில் ஒரு செய்தி இருக்கிறது என்று அவர்கள் ஒப்புக்கொள்வார்கள் என நம்புகிறேன்.

இக்கட்டுரை பிறந்தது எங்கள் தெருத் திண்ணையில். இராணுவத்தில் பணியாற்றி ஓய்வு பெற்ற பெரியவர் ஒருவர் எங்கள் ஊரில் இருக்கிறார். நான் அவரைப் பெரியப்பா என்று அழைப்பேன். இளம் வயதில் காஷ்மீரத்தில் இருந்தபோது அவருக்குப் பனிச்சறுக்குப் பயிற்சி அளித்தார்களாம். பல நாட்கள் ஏறக்குறைய சமதளமான இடத்திலேயே பழக வைத்தார்கள். உடன் இருந்த மலைநாட்டு இளைஞர்களோ மேலே ஏறிப் பறவை போல் இறங்கினார்கள். இவருக்கு மானம் பொறுக்கவில்லை. ஒருநாள் யாரிடமும் சொல்லாமல் அவர்கள் பின்னாலேயே மேலே போய்விட்டார். இறங்கும்போது முழங்கால் பிசகிவிட்டது. இன்றும் மழைக்காலத்தில் அந்தக் காலை நீவிக்கொண்டே சொல்வார்: "மேல ஏறுறதுக்குத் தைரியம் போதும் தம்பி. எதுல எறங்கணும்னு தெரியறதுக்குத்தான் புத்தி வேணும்."

அந்தப் புத்திக்குப் பின்னால் உள்ள இயற்பியல் என்ன என்று தேடிப் பார்த்தேன். கிடைத்ததை இங்கே தருகிறேன்.

சரிவை அளக்கும் முறை

பனிச்சறுக்கு என்பது இரு கால்களிலும் நீண்ட பலகைகளைப் பூட்டிக்கொண்டு, கைகளில் இரு கோல்களுடன் பனி மூடிய சரிவில் இறங்குவது. இதில் முதலில் அறிய வேண்டியது சரிவின் அளவு. கிடையாக 100 மீட்டர் செல்வதற்குள் 25 மீட்டர் இறங்கினால் அது 25 விழுக்காட்டுச் சரிவு. கோணத்தில் சொன்னால் ஏறத்தாழ 14 பாகை. 40 விழுக்காடு என்பது ஏறத்தாழ 22 பாகை. 100 விழுக்காடு என்றால் சுவர் போலச் செங்குத்தாக இருக்கும் என்றே நானும் முதலில் எண்ணினேன். கணக்கிட்டுப் பார்த்தால் அது 45 பாகைதான்.

25 விழுக்காடு குறைவு என்று தோன்றலாம். நம் நாட்டில் மலைச்சாலை அமைக்கும்போது 20 மீட்டருக்கு 1 மீட்டர், அதாவது 5 விழுக்காடு ஏற்றத்தையே பொது அளவாகக் கொள்கின்றனர். அந்த ஏற்றத்திலேயே நம் பேருந்துகள் முனகுகின்றன. 25 விழுக்காட்டுச் சரிவு அதைப்போல் ஐந்து மடங்கு!

இனி விசைகளைப் பார்ப்போம். 60 கிலோகிராம் நிறையுள்ள ஒருவரின் எடை ஏறத்தாழ 588 நியூட்டன். 14 பாகைச் சரிவில் அவரைக் கீழ்நோக்கி இழுக்கும் கூறு 142 நியூட்டன். 30 பாகையில் 294 நியூட்டன். இதைத் தடுக்க இருப்பது உராய்வு. மெழுகு பூசிய பலகைக்கும் பனிக்கும் இடையே உள்ள உராய்வுக் கெழுவை 0.05 என்று கொண்டால், 14 பாகையில் கிடைக்கும் தடை 29 நியூட்டன். 30 பாகையில் 25 நியூட்டன் மட்டுமே. இங்கே கவனிக்க வேண்டிய ஒன்று உண்டு. சரிவு கூடக் கூட, இழுக்கும் விசை வளர்கிறது. தடுக்கும் விசையோ தேய்கிறது. உதவி மிகவும் தேவைப்படும் நேரத்தில் உராய்வு நம்மைக் கைவிடுகிறது!

இதே கணக்கின்படி 3 பாகைக்கும் குறைந்த சரிவில் பலகை தானாக நகராது. அதனால்தான் புதியவரை ஏறக்குறைய தட்டையான இடத்தில் பழக்குகின்றனர். பெரியப்பாவை அங்கே நிறுத்தியவர்கள் அவரை அவமதிக்கவில்லை. அவர் உயிரைக் காத்தார்கள்.

வேகக் கணக்கு இன்னும் கடுமையானது. உராய்வை நீக்கிப் பார்த்தால், 5 மீட்டர் உயரம் இறங்கியவுடன் மணிக்கு 36 கிலோமீட்டர் வேகம் வந்துவிடும். ஊர்ச் சாலையில் மொபெட் போகும் வேகம் இது. 20 மீட்டர் இறங்கினால் மணிக்கு 71 கிலோமீட்டர். மொபெட்டுக்கு பிரேக் உண்டு, பலகைக்கு இல்லை. காலே பிரேக்.

ஏர் முனையும் கொண்டை ஊசி வளைவும்

அப்படியானால் நிற்பது எப்படி? புதியவருக்கு முதலில் கற்றுத் தரும் முறைக்குக் கலப்பையின் பெயரையே வைத்திருக்கின்றனர். பலகைகளின் முன் நுனிகளை நெருக்கி, பின் நுனிகளை அகற்றி, உள் விளிம்புகளைப் பனியில் பதிய வைத்தால் ஏர் முனை போன்ற வடிவம் வரும். பலகைகள் பனியை உழுதுகொண்டே போவதால் வேகம் குறையும். உழவன் வீட்டுப் பிள்ளைகளாகிய நமக்கு இதை விளக்க வேண்டியதில்லை. ஆழ உழுதால் மாடு தானாக நின்றுவிடும் அன்றோ!

அடுத்தது திரும்புதல். மலைச்சாலைகள் நேரே ஏறாமல் கொண்டை ஊசி வளைவுகளாக ஏறுவது எதற்காக? சரிவைக் குறைத்துக்கொள்ளத்தானே! பனிச்சறுக்கிலும் அதுவே. ஒரு குடம் தண்ணீரைச் சரிவில் கொட்டினால் எந்த வழியில் ஓடுமோ, அதுவே மிகக் கடுமையான வழி. அவ்வழியில் நேராக இறங்காமல் இடமும் வலமுமாக வளைந்து இறங்குபவருக்குக் கடுஞ்சரிவும் சற்று இளகிக் கொடுக்கும். ஆனால் இரு பக்கமும் ஒன்றுபோல் திரும்பத் தெரிந்திருக்க வேண்டும். ஒரு பக்கம் மட்டுமே திரும்பத் தெரிந்தவர் மறுபக்கத்தில் உள்ள மரத்திற்கோ பாறைக்கோ இரையாவார்.

நிறங்கள் சொல்லும் செய்தி

மேலை நாடுகளின் பனிமலைகளில் சரிவுகளுக்கு நிறங்களால் தரம் குறித்திருப்பர். ஐரோப்பாவில் பொதுவாக 25 விழுக்காடு வரை நீலம், 40 விழுக்காடு வரை சிவப்பு, அதற்கு மேல் கறுப்பு. சில நாடுகளில் நீலத்திற்கும் எளிதானதைப் பச்சை என்பர். வட அமெரிக்காவில் பச்சை வட்டம் எளியது, நீலச் சதுரம் நடுத்தரம், கறுப்பு வைரம் கடினம். ஐரோப்பாவில் நீலம் புதியவருக்கு; அமெரிக்காவில் நீலம் ஓரளவு தேர்ந்தவருக்கு. ஒரே நிறம், இரு பொருள்! ஊர் மாறினால் அட்டவணையை மறுபடியும் படிக்க வேண்டும்.

அது மட்டுமன்று. அமெரிக்க முறையில் ஒரு மலையின் தரம் அந்த மலைக்குள் மட்டுமே செல்லும். இந்த மலையின் நீலம் அந்த மலையின் கறுப்பை ஒத்திருக்கலாம். மேலும் ஒரே சரிவு காலையில் ஒன்றாகவும் மாலையில் வேறாகவும் இருக்கும். இரவில் உறைந்த பனி விடியலில் கண்ணாடிபோல் இறுகிக் கிடக்கும். நண்பகலில் இளகிக் காலைப் பிடிக்கும். மேகம் மூடினால் மேடு பள்ளம் கண்ணுக்குத் தெரியாது. மாலையில் சரிவு மாறாவிட்டாலும் கால் தளர்ந்துவிடும். ஆகவே நிறப் பலகை ஒரு தொடக்கமே, முடிவு நம்முடையது.

குல்மார்க்கும் ஆலியும்

நம் நாட்டில் இவ்விளையாட்டிற்குப் புகழ்பெற்ற இடங்கள் இரண்டு. ஒன்று காஷ்மீரத்தின் குல்மார்க். 1948-இல், குடகு நாட்டில் பிறந்த தளபதி திம்மையாவின் முயற்சியால், அங்கே இராணுவத்தினருக்கான பனிச்சறுக்குப் பள்ளி தொடங்கப்பட்டது. 1968-இல் பொதுமக்களுக்கும் பயிற்சி தரும் இந்தியப் பனிச்சறுக்கு, மலையேற்றக் கழகம் அங்கே அமைந்தது.

குல்மார்க்கின் அமைப்பே படிப்படியான ஒரு பாடம் எனலாம். ஏறத்தாழ 2,650 மீட்டர் உயரத்தில் உள்ள புல்வெளி குளிர்காலத்தில் பனி மூடி, புதியவர் பழகும் மென்சரிவாகிறது. அங்கிருந்து கம்பி வழி ஊர்தியின் முதல் கட்டம் கோங்டூரி வரை செல்கிறது. இது 1998-இல் தொடங்கியது. அங்குள்ள சரிவுகள் ஓரளவு கற்றவர்க்கு உரியவை. 2005-இல் வந்த இரண்டாம் கட்டம் அஃபர்வத் மலையில் ஏறத்தாழ 3,950 மீட்டர் உயரத்திற்கு ஏற்றிவிடுகிறது. அங்கே காற்றழுத்தம் கடல் மட்டத்தில் உள்ளதில் ஐந்தில் மூன்று பங்கே. செப்பனிடப்படாத காட்டுப் பனி வேறு. அது தேர்ந்தவர்க்கு மட்டுமே உரிய இடம்.

சீட்டு வாங்கினால் எவரையும் ஊர்தி மேலே ஏற்றிவிடும். ஆபத்தின் வேர் அங்கேதான் இருக்கிறது. பனிப்பாளச் சரிவுகள் பெரும்பாலும் 30 முதல் 45 பாகை வரையுள்ள சரிவுகளிலேயே நிகழ்கின்றன. அதற்குக் குறைந்த சரிவில் பனி நிலைத்து நிற்கும். மிகச் செங்குத்தான இடத்தில் பனி குவியாமலே உதிர்ந்துவிடும். திறமையாளர் விரும்பும் சரிவும் பனிப்பாளம் விரும்பும் சரிவும் ஒன்றே! 2010 பிப்ரவரியில் குல்மார்க் பகுதியில் பயிற்சியில் இருந்த வீரர்கள் 17 பேர் பனிப்பாளச் சரிவில் மாண்டனர். 2024 பிப்ரவரியில் அஃபர்வத் சரிவில் இரஷ்ய நாட்டுப் பனிச்சறுக்கு வீரர் ஒருவர் உயிரிழந்தார். திறமையும் பயிற்சியும் உள்ளவர்களுக்கே இந்நிலை என்றால், முதல் நாள் வந்தவர் அங்கே ஏறலாமா?

மற்றோர் இடம் உத்தரகாண்டத்தின் ஆலி. ஏறத்தாழ 2,500 மீட்டரிலிருந்து 3,050 மீட்டர் வரை பரந்த சரிவு. எதிரே நந்தா தேவிச் சிகரம். 2011-இல் தெற்காசியக் குளிர்கால விளையாட்டுப் போட்டிகளின் பனிச்சறுக்குப் பந்தயங்கள் இங்கே நடந்தன. ஆனால் அடிவாரத்து ஜோஷிமடத்தில் நிலம் வெடித்துத் தாழ்ந்தபோது, 2023 சனவரியில் அங்கிருந்து ஆலி செல்லும் கம்பி வழி ஊர்தி நிறுத்தப்பட்டது. சரிவைத் தேர்பவர் மலையின் உடல்நலத்தையும் கேட்டறிய வேண்டும் என்பதற்கு இது சான்று.

எவருக்கு எது?

இதுவரை கண்டவற்றைச் சுருக்கினால் நான்கு விதிகள் கிடைக்கின்றன.

ஒன்று: முதல் நாள் வந்தவர், இறுதியில் தட்டையாகவோ சற்று மேடாகவோ முடியும் மென்சரிவையே தேர வேண்டும். விழுந்தாலும் வேகம் மிஞ்சினாலும் நிலமே நிறுத்திவிடும்.

இரண்டு: நினைத்த இடத்தில் நிற்க முடிந்தபின் பச்சை; இரு பக்கமும் தொடர்ந்து திரும்ப முடிந்தபின் நடுத்தரம்; பனி எப்படியிருந்தாலும் வேகத்தை ஆள முடிந்தபின்பே கடுஞ்சரிவு.

மூன்று: எத்துணை தேர்ந்தவரும் அன்றைய முதல் இறக்கத்தை ஒரு படி எளிய சரிவில் தொடங்க வேண்டும். நேற்றைய பனி வேறு, இன்றைய பனி வேறு.

நான்கு: முன்னால் செல்பவருக்கே முதலிடம். பின்னால் வருபவர் அவருக்கு ஊறு நேராத வழியைத் தேர வேண்டும் என்பது சர்வதேசப் பனிச்சறுக்குக் கூட்டமைப்பின் விதி. தகுதிக்கு மீறிய சரிவில் இறங்குபவர் தம்மை மட்டுமன்றிப் பிறரையும் வீழ்த்துகிறார்.

2022-இல் பெய்ஜிங் குளிர்கால ஒலிம்பிக்கில் இந்தியாவின் ஒரே வீரராகக் கலந்துகொண்ட ஆரிஃப் கான், சிறு வயதிலேயே குல்மார்க் சரிவுகளில் கற்றவர். ஒரு பந்தயத்தில் 45-ஆம் இடம் பெற்றார்; மற்றொன்றை முடிக்க இயலவில்லை. உலக அரங்கிற்குச் சென்றவரும் அந்த மென்சரிவில் விழுந்து எழுந்தவரே.

இறுதியாக ஒரு சொல்

எங்கள் குடும்பத்தில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் நான். பள்ளியில் தமிழில் படித்துவிட்டு இங்கே ஆங்கிலத்தில் இயக்கவியல் வகுப்பில் அமர்ந்தபோது, அனைவரும் தலையசைத்தார்கள், நானும் அசைத்தேன். முதல் உள்தேர்வில் என் மதிப்பெண் ஒற்றை இலக்கம். ஆசிரியர் என்னைத் தனியே அழைத்து, "பதினோராம் வகுப்புத் தமிழ்ப் புத்தகத்தை எடுத்துக்கொண்டு வா. அங்கிருந்து தொடங்குவோம்" என்றார். அன்று எனக்கு வந்த வெட்கம், பனிவெளியில் நிறுத்தப்பட்ட பெரியப்பாவுக்கு வந்த அதே வெட்கம். நல்ல வேளையாக, நான் அவரைப்போல் ஓடிப்போகவில்லை. மூன்று மாதம் அந்தப் பழைய புத்தகத்தோடு மாலைதோறும் அமர்ந்தேன். மேலே எழுதிய சரிவுக் கணக்கு அந்தப் புத்தகத்தில் உள்ள சாய்தளப் பாடம்தான்.

இவ்வாண்டு முதலாம் ஆண்டில் சேர்ந்திருக்கும் தம்பி தங்கையருள், புரியாமலே தலையசைப்பவர் எவரேனும் இருப்பின் அவர்களுக்கே இக்கட்டுரை. மென்சரிவில் நிற்பது இழிவன்று. எந்தச் சரிவில் நிற்கிறோம் என்று அறியாமல் இருப்பதே இடர். கீழே பழகுவோம், மலை எங்கும் போய்விடாது.