அனிதா பால்துரை

அனிதா பால்துரை (பிறப்பு: சூன் 22, 1985) தமிழ்நாட்டைச் சேர்ந்த முன்னாள் கூடைப்பந்தாட்ட வீராங்கனை ஆவார். இந்திய மகளிர் அணிக்காக 18 ஆண்டுகள் ஆடிய இவர், அவ்வணியின் தலைவராகவும் இருந்தார். தனது 19 ஆம் அகவையில் தலைமைப் பொறுப்பை ஏற்றதால், இந்திய மகளிர் அணியின் மிக இளம் தலைவர் எனப் பெயர் பெற்றார். ஆசியக் கூடைப்பந்தாட்ட வாகையர் போட்டிகளில் ஒன்பது முறை பங்கேற்றவர். தென்னக இரயில்வேயில் பணியாற்றும் இவருக்கு 2021 ஆம் ஆண்டில் இந்திய அரசு பத்மசிறீ விருதை அறிவித்தது.

பின்னணி

கூடைப்பந்தாட்டம் 1891 இல் ஐக்கிய அமெரிக்காவின் இசுபிரிங்ஃபீல்டு நகரில் சேம்சு நெய்சுமித் என்பவரால் உருவாக்கப்பட்டது. கிறித்தவ இளைஞர் சங்கத்தின் பயிற்சிக் கல்லூரியில் தோன்றிய இவ்விளையாட்டு, அச்சங்கத்தின் கிளைகள் வழியாகவே இந்தியாவுக்கு வந்தது. 1920 இல் ஆரி குரோ பக் என்பவர் சென்னையில் தொடங்கிய ஒய்.எம்.சி.ஏ. உடற்கல்வியியல் கல்லூரி இதில் முக்கியப் பங்கு வகித்தது. அங்குப் பயின்ற உடற்கல்வி ஆசிரியர்கள் பல பள்ளிகளுக்கும் கல்லூரிகளுக்கும் இவ்விளையாட்டைக் கொண்டு சென்றனர். ஆடவருக்கான முதல் தேசியப் போட்டி 1934 இல் புது தில்லியில் நடைபெற்றது. இந்தியக் கூடைப்பந்தாட்டக் கூட்டமைப்பு 1950 இல் அமைக்கப்பட்டது.

இவ்வளவு நீண்ட வரலாறு இருந்தும், வீரர்கள் சம்பளம் பெற்று முழுநேரமாக ஆடும் நிலையான கூட்டிணைவு எதுவும் அனிதாவின் ஆட்டக் காலத்தில் இந்திய மகளிருக்கு அமையவில்லை. அவரது ஆட்ட வாழ்வைப் புரிந்துகொள்ள இச்செய்தி இன்றியமையாதது.

இளமையும் அறிமுகமும்

அனிதா சென்னையில் பிறந்தவர். பதின்ம அகவையிலேயே இந்திய அணிக்குத் தேர்வு பெற்றார். 2000 ஆம் ஆண்டு முதல் 2017 வரை தேசிய அணியில் ஆடினார். கூடைப்பந்தாட்டத்தில் ஓட்டம், தாவல், திடீர்த் திருப்பம் ஆகியவை முழங்கால்களையும் கணுக்கால்களையும் கடுமையாகப் பாதிக்கும். ஆகையால் பன்னாட்டு அளவில் பத்து ஆண்டுகள் ஆடுவதே அரிதாகக் கருதப்படுகிறது. அவ்வகையில் 18 ஆண்டுகள் என்பது குறிப்பிடத்தக்க காலம் ஆகும்.

தொடர்வண்டித் துறையும் தேசியப் போட்டிகளும்

இந்தியாவில் கூடைப்பந்தாட்ட வீராங்கனை ஒருவர் தொடர்ந்து ஆட வேண்டுமாயின் அவருக்கு ஒரு வேலை தேவை. விளையாட்டு ஒதுக்கீட்டின் கீழ் வேலை தரும் நிறுவனங்களுள் இந்தியத் தொடர்வண்டித் துறை முதன்மையானது. அங்கு வேலைக்குச் சேர்பவர் மாதச் சம்பளம் பெறுகிறார். பயிற்சிக்கும் போட்டிகளுக்கும் அவருக்குப் பணியிலிருந்து விலக்கு அளிக்கப்படுகிறது. ஆட்டத்திலிருந்து ஓய்வு பெற்ற பின்னரும் வேலை தொடர்கிறது. காயம் ஏற்பட்டால் வருமானம் நின்றுவிடாது என்பதே வீராங்கனைகள் இவ்வேலையை நாடுவதற்கு முக்கியக் காரணம் எனலாம். அனிதா தென்னக இரயில்வேயில் சேர்ந்ததும் இந்த வழியிலேயே ஆகும்.

இம்முறையில் ஒரு விந்தையான விளைவும் உண்டு. தேசிய வாகையர் போட்டியில் மாநில அணிகளுடன் இந்திய இரயில்வே அணியும் தனி அணியாகக் கலந்துகொள்கிறது. எனவே தொடர்வண்டித் துறையில் சேரும் வீராங்கனை தன் சொந்த மாநில அணியிலிருந்து விலகி, சில வேளைகளில் அதற்கு எதிராகவே ஆட வேண்டியிருக்கும். பல மாநிலங்களின் சிறந்த ஆட்டக்காரர்கள் ஓரணியில் சேர்வதால் மகளிர் பிரிவில் இந்திய இரயில்வே நெடுங்காலமாக ஆதிக்கம் செலுத்தி வந்துள்ளது. ஒரு வீராங்கனையை உருவாக்கும் மாநிலம், அவர் முதிர்ந்து சிறக்கும் வேளையில் அவரை இழந்துவிடுகிறது.

தமிழ்நாடு அணிக்காகவும் இரயில்வே அணிக்காகவும் ஆடிய அனிதா, தேசிய அளவிலான போட்டிகளில் 30 பதக்கங்கள் வென்றுள்ளார்.

ஆசியப் போட்டிகள்

ஆசிய மகளிர் வாகையர் போட்டி பொதுவாக இரண்டு ஆண்டுகளுக்கு ஒருமுறை நடத்தப்படுகிறது. சீனா, சப்பான், தென் கொரியா ஆகிய நாடுகளே இதில் பெரும்பாலும் முன்னிலை வகித்து வந்துள்ளன. அணிகள் இரு பிரிவுகளாகப் பிரிக்கப்பட்டு, முதற்பிரிவின் கடைசி இடங்களைப் பெறும் அணிகள் இறக்கப்படும் வாய்ப்பு உண்டு. ஆகவே இந்தியா போன்ற இடைநிலை அணிகளுக்குப் பதக்கத்தைக் காட்டிலும் முதற்பிரிவில் நிலைத்திருப்பதே முதல் இலக்காக இருந்தது.

2009 ஆம் ஆண்டுப் போட்டி அனிதாவின் சொந்த நகரமான சென்னையில், சவகர்லால் நேரு உள்விளையாட்டரங்கில் நடைபெற்றது. சீனா வாகை சூடியது; இந்தியா ஆறாவது இடத்தைப் பெற்றது. 2013 இல் பேங்காக்கில் இந்தியா ஐந்தாம் இடத்துக்கு முன்னேறியது. ஆயினும் 2015 ஆம் ஆண்டுப் போட்டியுடன் முதற்பிரிவில் தனது இடத்தை இழந்தது.

2017 சூலையில் பெங்களூரில் நடைபெற்ற ஆசியக் கோப்பையில் இந்தியா இரண்டாம் பிரிவில் ஆடியது. அப்பிரிவில் முதலிடம் பெறும் அணி மட்டுமே மேலே செல்ல இயலும். இறுதியாட்டத்தில் இந்தியா கசக்சுத்தானை 75–73 என்ற புள்ளிக்கணக்கில் வென்று முதற்பிரிவுக்குத் திரும்பியது. அப்போது 32 அகவை நிரம்பியிருந்த அனிதா அவ்வணியில் இடம்பெற்றிருந்தார். அவரது பன்னாட்டு ஆட்ட வாழ்வு அவ்வாண்டுடன் நிறைவுற்றது.

மூவர் கூடைப்பந்தாட்டம்

வழக்கமான ஆட்டத்தில் ஓர் அணிக்கு ஐவர் ஆடுவர். மூவர் ஆட்டத்தில் பாதி ஆடுகளமும் ஒரே ஒரு கூடையும் போதும். ஆட்ட நேரம் பத்து மணித்துளிகள். அதற்குள் 21 புள்ளிகளை எட்டும் அணி அப்போதே வென்றதாகும். வளைகோட்டுக்கு உள்ளிருந்து போடும் பந்துக்கு ஒரு புள்ளியும், வெளியிலிருந்து போடும் பந்துக்கு இரண்டு புள்ளிகளும் வழங்கப்படும். பந்தைப் பெற்ற அணி 12 நொடிகளுக்குள் கூடையை நோக்கி எறிய வேண்டும். உயரத்தில் பின்தங்கிய அணிகளும் விரைவாலும் தொலைவிலிருந்து எறியும் திறனாலும் ஈடுகொடுக்க இவ்வடிவம் இடமளிக்கிறது.

இந்திய மகளிர் ஆசிய அளவில் தங்கம் வென்றது இவ்வடிவத்தில்தான். 2013 இல் கத்தாரின் தோகா நகரில் நடைபெற்ற முதலாவது ஆசிய மூவர் வாகையர் போட்டியில் அனிதாவின் தலைமையில் இந்தியா தங்கப் பதக்கம் வென்றது. மூவர் ஆட்டம் பின்னர் டோக்கியோ ஒலிம்பிக்கில் முதன்முறையாகச் சேர்க்கப்பட்டது. எனினும் அதற்கு இந்திய மகளிர் அணி தகுதி பெறவில்லை.

தொழில்முறை ஆட்டம்

வெளிநாட்டுக் கழகங்களில் இடம்பெறும் வாய்ப்பு மிகச் சில இந்திய வீராங்கனைகளுக்கே கிட்டியது. அனிதாவுடன் இந்திய அணியிலும் தென்னக இரயில்வேயிலும் ஆடிய கேரளத்தைச் சேர்ந்த கீத்து அன்னா சோசு, ஆத்திரேலியாவின் ரிங்வுட் ஆக்சு கழகத்துக்காக ஆடினார். 2011 இல் ஐக்கிய அமெரிக்காவின் மகளிர் தொழில்முறைக் கூட்டிணைவான டபிள்யூ.என்.பி.ஏ.யின் அணிகள் நடத்திய தேர்வுகளிலும் கலந்துகொண்டார். ஆனால் அங்கு ஆட ஒப்பந்தம் பெறவில்லை.

இந்தியாவில் 2015 முதல் 2017 வரை நடந்த யூ.பி.ஏ. தொழில்முறைக் கூட்டிணைவு ஆடவருக்கானது. இதனால் அனிதாவின் தலைமுறையைச் சேர்ந்த பெரும்பாலானோர்க்குக் கூடைப்பந்தாட்டம் என்பது ஓர் அரசுப் பணியைச் சார்ந்தே அமைந்தது. பார்வையாளர் கட்டணமும் தொலைக்காட்சி வருவாயும் தாங்காத ஒரு விளையாட்டைத் தொடர்வண்டித் துறையின் சம்பளம் தாங்கியது எனலாம். அதே வேளையில், அவ்வேலை கிடைக்காத திறமையாளர் பலர் கல்லூரிப் படிப்பு முடிந்ததும் ஆட்டத்தைக் கைவிட நேர்ந்தது.

விருதுகள்

அருச்சுனா விருது பெற்ற முதல் கூடைப்பந்தாட்ட வீராங்கனை சுமன் சர்மா (1983) ஆவார். அண்மைக் காலத்தில் கீத்து அன்னா சோசு (2014), பிரசாந்தி சிங் (2017), விசேசு பிரிகுவன்சி (2020) ஆகியோர் இவ்விருதைப் பெற்றனர். அனிதாவுக்கு அவரது ஆட்டக் காலத்தில் அருச்சுனா விருது வழங்கப்படவில்லை.

2019 இல் பிரசாந்தி சிங்குக்குப் பத்மசிறீ வழங்கப்பட்டது. அதையடுத்து 2021 ஆம் ஆண்டுக்கான பத்மசிறீ பட்டியலில் விளையாட்டுத் துறையிலிருந்து தேர்ந்தெடுக்கப்பட்ட எழுவருள் ஒருவராக அனிதா இடம்பெற்றார். பி. டி. உசாவின் பயிற்சியாளர் ஓ. எம். நம்பியாரும் அந்த எழுவருள் ஒருவர். அதே பட்டியலில் தமிழ்நாட்டிலிருந்து இயற்கை வேளாண்மை செய்த மூதாட்டி பாப்பம்மாள், பேராசிரியர் சாலமன் பாப்பையா ஆகியோரும் இருந்தனர். 2021 நவம்பரில் புது தில்லி குடியரசுத் தலைவர் மாளிகையில் விருதுகள் வழங்கப்பட்டன. அனிதா தேசிய அணியில் ஆடுவதை நிறுத்தி நான்கு ஆண்டுகள் கழிந்த பின்னரே இம்மதிப்பு அவரை வந்தடைந்தது.

ஓய்வுக்குப் பின்

ஆட்டத்திலிருந்து விலகிய பின் அனிதா இளம் வீராங்கனைகளுக்குப் பயிற்சியளிப்பதில் ஈடுபட்டார். 2017 இல் பெற்ற முன்னேற்றத்தால் இந்திய மகளிர் அணி 2019, 2021 ஆகிய இரு ஆசியக் கோப்பைகளிலும் முதற்பிரிவில் ஆடியது. இரண்டிலும் எட்டாவது இடத்தைப் பெற்றது.