குளிர்பானத்தில் கலந்த பிளாஸ்டிக் ரசாயனம் ஆய்வுக்கூடத்தில் எப்படிச் சிக்குகிறது?

நிறமில்லை, மணமில்லை. பானத்தில் கலந்தால் நாக்குக்கும் தெரியாது. பிறகு எப்படிக் கண்டுபிடிக்கிறார்கள்?

முதலில் பானத்தோடு ஒரு கரைப்பானைச் சேர்த்துக் குலுக்குவார்கள். எண்ணெயில் கரையும் பொருள்கள் அதற்குள் போய்விடும். இதற்குக் கண்ணாடிக் குப்பிகள்தான். பிளாஸ்டிக் குழாய் பட்டாலே முடிவு கெட்டுவிடும்!

அடுத்து, அந்தக் கரைப்பானை முடி போன்ற மெல்லிய நீண்ட குழாய்க்குள் செலுத்துவார்கள். ஈப்போ தைப்பூசத்தில் புந்தோங்கிலிருந்து கல்லுமலைக்கு நடப்பவர்களை நினைத்துப் பாருங்கள். தண்ணீர்ப் பந்தல்தோறும் நிற்பவர் தாமதமாக வருவார், நிற்காதவர் முந்துவார். குழாயின் உட்பூச்சில் ஒவ்வொரு பொருளும் அப்படித்தான் ஒட்டி ஒட்டி, தனக்குரிய நேரத்தில் வெளியேறும்.

வெளியே வந்ததும் கருவி அதை உடைத்து, துண்டுகளை எடைபோடும். பிளாஸ்டிக்கை இளக்கும் தாலேட்டுகள் பெரும்பாலும் 149 எடையுள்ள துண்டால் மாட்டிக்கொள்ளும்.

2011இல் தைவானில் ஓர் ஆய்வாளர் வேறெதையோ தேடியபோது, கருவித் திரையின் வரைபடத்தில் எதிர்பாராத மேடொன்று எழுந்தது. அவர் அதை ஒதுக்கிவிடவில்லை. பானங்களைக் கலங்கலாக்கும் சேர்மானத்தில், தாவர எண்ணெய்க்குப் பதிலாக மலிவான டிஇஎச்பி என்ற தாலேட் கலக்கப்பட்டது அம்பலமானது. மலேசியச் சுகாதார அமைச்சும் தைவான் பானங்களைச் சோதனைக்கு உட்படுத்தியது. அந்த ஆய்வாளரின் பிடிவாதமே எனக்குக் கருவியைவிடப் பெரிதாகத் தெரிகிறது.

யாரும் கலக்காமலேயே, சூடும் கொழுப்பும் சேர்ந்தால் பிளாஸ்டிக்கிலுள்ள ரசாயனங்கள் எளிதில் கசியும். அன்று பேராக் தோட்டங்களில் பால்மரம் வெட்டப் போனவர்கள் தேத்தண்ணியைத் தூக்கில் கொண்டுபோனார்கள். நீங்களும் கொதிக்கும் தே தாரிக்கைப் பையில் கட்டச் சொல்லாமல், கையோடு ஒரு தூக்கை எடுத்துச் செல்லுங்கள்.