அரிவரிக்கு முந்திய வயது

யாழ்ப்பாணத்தில் சனசமூக நிலையம் உள்ள ஊரில் அநேகமாக ஒரு முன்பள்ளியும் இருக்கும். கோயில் மண்டபத்தையும் தேவாலய வளவையும் ஒட்டி நடப்பவை வேறு. சனங்களின் வாயில் அது ‘நேசறி’, இல்லாவிட்டால் ‘மொன்ரிசோரி’.

மரியா மொன்ரிசோரி இத்தாலிய வைத்தியர். 1907 சனவரி 6ஆம் திகதி, உரோமாபுரியின் சான் லொரென்சோ என்ற ஏழைக் குடியிருப்பில் தமது முதலாவது குழந்தைகள் இல்லத்தைத் திறந்தார். பிள்ளையின் உயரத்துக்கு மேசை, கதிரை. தொட்டும் கழற்றியும் பூட்டியும் பழகக் கருவிகள். எதை எடுப்பது, எவ்வளவு நேரம் வைத்திருப்பது என்பது பிள்ளையின் தீர்மானம். ரீச்சர் முதலில் கவனித்துப் பார்க்க வேண்டும். அவருக்கு முன்பே ஜேர்மனியில் பிரெடெரிக் புரோபெல் 1837இல் விளையாட்டையே பாடமாக்கியிருந்தார். அந்தப் பாலர் பள்ளிகளைப் பிரஷ்ய அரசு 1851இல் தடைசெய்தது. மொன்ரிசோரிப் பள்ளிகளை முசோலினி ஆட்சி மூடியது. பிள்ளை தன்பாட்டில் யோசிப்பது அதிகாரத்துக்கு எப்போதும் உவப்பானதல்ல.

1939இல் அடையாறு பிரம்மஞான சபையின் அழைப்பில் மொன்ரிசோரி சென்னைக்கு வந்தார். இத்தாலி உலகப் போரில் இறங்கியது, இத்தாலியர் என்பதால் திரும்ப முடியவில்லை. சென்னையிலும் கொடைக்கானலிலும் கழிந்த அந்த ஆண்டுகளில் நூற்றுக்கணக்கான ஆசிரியர்களைப் பயிற்றினார். 1944இல் இலங்கைக்கும் வந்து வகுப்பு நடத்தினார்.

ஆனால் பிள்ளையைப் பிள்ளையாகப் பார்க்கும் எண்ணம் யாழ்ப்பாணத்தில் அதற்கு முன்பே துளிர்த்திருந்தது. ஆறுமுக நாவலர் 1848இல் வண்ணார்பண்ணையில் சைவப்பிரகாச வித்தியாசாலையைத் தொடங்கி, பாலபாடங்களும் எழுதினார். பெரும் பணிதான், என்றாலும் அவற்றில் பேசுவது பெரியவரின் குரல். 1935இல் கல்வி அதிகாரி க. ச. அருள்நந்தியின் முயற்சியால் ‘பிள்ளைப்பாட்டு’ தொகுப்பு வந்தபோதுதான் குரல் மாறியது. நவாலியூர்ச் சோமசுந்தரப் புலவர் ஆடிக்கூழையும் கொழுக்கட்டையையும் கத்தரித் தோட்டத்து வெருளியையும் பாட்டாக்கினார். பிள்ளை நேற்றுக் கண்டதும் நாளை தின்னப்போவதும் பாடமாயின. குழந்தையை மையமாக்குதல் என்பதற்கு எங்கள் மண்ணில் இதைவிட நல்ல சான்று எனக்குத் தெரியவில்லை.

இன்றைய நிலை வேறு. 1990களின் இறுதியில் வந்த கல்விச் சீர்திருத்தம், முதலிரு வகுப்புகளிலும் விளையாட்டும் செயற்பாடுமே மேலோங்க வேண்டும், எழுத்து வேலை குறைவாக இருக்க வேண்டும் என்றது. ஆறு வயதுப் பிள்ளைக்கே விதி அதுவென்றால், நாலு வயதுப் பிள்ளைக்கு ஏன் வீட்டு வேலைக் கொப்பி? ஐந்தாம் வகுப்புப் புலமைப்பரிசில் பரீட்சையின் நிழல் முன்பள்ளி வரை நீண்டிருக்கிறது. ‘அந்த நேசறியில் எழுதக் குடுக்கினம், இங்கை சும்மா விளையாட விடுகினம்’ என்று பெற்றோர் குறைப்படும்போது, ரீச்சர் தான் படித்த பயிற்சியை மூடிவைத்துவிட்டுப் பென்சிலைக் கொடுக்கிறார். அவரும் பாவம். முன்பள்ளி அரச பாடசாலை முறைக்கு வெளியே நிற்கிறது; அவருக்குக் கிடைப்பது அரச ஆசிரியரின் சம்பளம் அல்ல, சிறு கொடுப்பனவு. மொன்ரிசோரி கேட்ட பொறுமையையும் கூர்மையையும் அந்தக் காசுக்கு எதிர்பார்க்கிறோம்.

முன்பள்ளி ஆசிரியருக்கு நிரந்தர நியமனமும் உரிய சம்பளமும் வழங்குவது மாகாணமும் மத்தியும் சேர்ந்து செய்ய வேண்டிய வேலை. பெற்றோர் அதற்காகக் காத்திருக்க வேண்டியதில்லை. உங்கள் பிள்ளையின் முன்பள்ளிக்குப் போய், கொப்பி வேண்டாம், விளையாட விடுங்கள் என்று நீங்களே சொல்லுங்கள்.