உறைமோரும் மேல்மண்ணும்

நம் வீட்டுச் சுவருக்கும் தரைக்கும் சிமெண்டு பூசியிருக்கிறோம். அதற்குக் கல் கொடுத்த பூமி என்ன ஆயிற்று என்று என்றைக்காவது நினைத்ததுண்டா?

பெரம்பலூரிலிருந்து 2007-ல் பிரிந்து தனி மாவட்டமான அரியலூர்ப் பக்கம் போய்ப் பாருங்கள். கோடிக்கணக்கான ஆண்டுகளுக்கு முன் அங்கே கடல் அலையடித்தது! அதன் சிப்பிகளும் சேறும் படிந்து இறுகியதே இன்றைய சுண்ணாம்புக் கல். அதை வெட்டிய இடம் பள்ளம். மேலிருந்த மண்ணைக் கொட்டிய இடம் மேடு. அந்த மேட்டில் லேசில் பயிர் பச்சை தலைகாட்டாது.

ஏன்? பயிருக்கு உயிரான சத்தெல்லாம் மேலாக உள்ள மண்ணில்தான். தோண்டிக் கொட்டும்போது அது அடியில் புதைந்து, சாரமற்ற அடிமண் மேலே வந்துவிடுகிறது. தயிர் முழுவதையும் பரிமாறுமுன் உறைக்கு ஒரு கரண்டி எடுத்து வைக்கிறோம் அல்லவா? அதுபோல மேல்மண்ணை முதலிலேயே தனியாகச் சேர்த்து வைக்க வேண்டும். 2017-ம் ஆண்டுச் சுரங்க விதிகளும் இதையே சொல்கின்றன. பிறகு மேட்டைப் படிப்படியாகச் சரித்து, மழைநீருக்கு வாய்க்கால் விட்டு, அந்த மண்ணைப் பரப்பி, முதலில் புல்லும் அப்புறம் வேம்பும் புங்கமும் வைத்தால் வேர் பிடிக்கும்.

நடக்கிற காரியமா என்கிறீர்களா? காய்ச்சினால் எண்ணெய் தரும் பாறையை வெட்டியெடுக்கும் எஸ்தோனியா நாட்டில், தோண்டிய நிலங்களில் 1960 முதல் மரம் நட்டு வருகிறார்கள். அங்கே இன்று பைன் மரக் காடுகள் நிற்கின்றன!

கல்லை எடுக்கட்டும், உறைமோரை மட்டும் கொட்டிவிட வேண்டாம்.